திங்கள், புதன், வெள்ளி: மாலை ஐந்தரை

திரைவழிப் பேச்சுப் பயிற்சி கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோருமே என்னைவிட நன்றாகக் கணினி தட்டுவீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் காலமெல்லாம் நோயாளிகளின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச்சுப் பயிற்சி கொடுத்தவள் நான். ஓய்வு பெற்று, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பழைய வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கேமரா முன்னால் உட்காரப் பழகினேன். முதல் வாரம் முழுக்க நோயாளிகள் என் வீட்டு மின்விசிறியைத்தான் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை.

ஆகவே கருவியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. ஒரு மனிதரை வாரத்துக்கு மூன்று நாள் பட்டினி போட்டேன். அதுவும் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு போட்டேன்.

எல்லாம் பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து தொடங்கியது. எங்கள் சுவரை ஒட்டி இரண்டு தறி. காலையில் ஆரம்பித்தால் மாலை ஐந்து வரை ஓயாது. அந்தச் சத்தம் எனக்கு எப்போதோ பழகிவிட்டது, மைக்குக்குப் பழகவில்லை. "மேடம், உங்க வூட்ல கட்டட வேலை நடக்குதா?" என்று ஒரு நோயாளியின் மகன் கேட்டே விட்டான். அதனால் முக்கியமான வகுப்புகளை எல்லாம் தறி நின்ற பிறகு, மாலை ஐந்தரைக்கு வைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதி. வசதியான முடிவு எடுக்கும்போது கொஞ்சம் உஷாராக இருங்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அந்த ஐந்தரை மணிக்கு வந்தவர்தான் ஜெயபால் நயினார். காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு கிராமத்தில் ஜைனக் குடும்பம். எங்கள் பக்கத்தில் ஜைனப் பெரியவர்களை நயினார் என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே கூப்பிட்டேன். மல்லாட்டை வியாபாரி. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஊர் ஊராகப் போய்ப் பேரம் பேசிப் பேசியே வாழ்ந்தவர். அவருக்குத்தான் பேச்சு கழன்றுகொண்டிருந்தது.

பக்கவாதம் வந்தவருக்கு ஒரே நாளில் போன பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். நயினாருக்கு வந்தது அதற்குத் தலைகீழ். மூளையில் மொழிக்குரிய இடம் மெல்ல மெல்லத் தேய்கிற நோய். முதலில் ஆட்களின் பெயர் போயிற்று, பிறகு பொருள்களின் பெயர், பிறகு வாக்கியம். என்னிடம் வரும்போது அவர் கையில் மிச்சமிருந்தது "சரிம்மா", "போதும்", "அது" என்ற மூன்று சொற்கள்தான். இந்த நோயில் போன சொல்லை நாம் திருப்பிக் கொண்டுவர முடியாது. இருப்பதை இன்னும் சில மாதம் தங்கவைக்கலாம், போன இடத்தில் சைகையையும் படத்தையும் வைக்கலாம். அதற்காக நான் ஒரு படப் புத்தகம் செய்து அனுப்பினேன். அவர் வீட்டுச் சொம்பு, அவர் வீட்டுக் கட்டில், அவர் வீட்டு எருமை என்று எல்லாம் அவர்கள் வீட்டிலேயே எடுத்த படங்கள். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

வீட்டில் அவர் மனைவி பத்மா. மகள் விமலா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை, அங்கேயே வீடு. திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரைக்கு விமலா தன் போனிலிருந்து சேர்ந்துகொள்வாள். பத்மா அங்கே ஐந்து மணிக்கே நயினாரைச் சுவர் ஓரம் உட்காரவைத்து, போனை ஒரு மர ஸ்டூலில் சாய்த்து வைப்பார். திரையில் எனக்குத் தெரிந்தது அவருடைய தலையும் சட்டைக் காலரும். ஆறேகால் வரை வகுப்பு. முதல் மாதம் கழிந்தபின், வகுப்பு முடிந்ததும் விமலா இன்னும் அரை மணி நேரம் அப்பாவை விடாமல் வீட்டுப்பாடம் செய்யவைப்பாள். அப்படிச் செய்யச் சொன்னவள் நான்தான்.

ஆடி மாதத்தில் ஆரம்பித்தோம். தங்கமான மாணவர். ஆவணியில் கொஞ்சம் பொறுமை குறைந்தது. புரட்டாசியில் வகுப்பின் நடுவே எழுந்து போகப் பார்த்தார், பத்மா தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ஐப்பசியில் ஆரம்பித்த பத்தாவது நிமிடமே ஜன்னலைப் பார்ப்பார், எழுவார், "அது, அது" என்பார். கையிலிருக்கும் படப் புத்தகத்தைத் தள்ளிவிடுவார். என் நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதிவைத்தேன்: கவனம் சிதறுகிறது, ஜன்னலையே பார்க்கிறார், வாக்கியங்கள் பெரும்பாலும் புரிவதில்லை, நோய் முன்னேறுகிறது.

ஒரு நாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "நயினார், ஜன்னல்ல என்ன சினிமாவா ஓடுது? இங்க பாருங்க" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். இதை எழுதும்போதுகூட எனக்கு அந்த "சரிம்மா" வலிக்கிறது.

அதே சமயத்தில் வேறு ஒரு செய்தியும் வரத் தொடங்கியது. ராத்திரி எட்டு மணிக்குத் தட்டு வைத்தால் வாயை இறுக மூடிக்கொள்கிறார். தோசையைக் கிட்டே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். சில நாள் சாயங்காலமே தானாகச் சமையலறைக்குப் போய் எதையாவது எடுத்துத் தின்கிறார், அன்றைக்குப் பசியில்லை என்று விட்டுவிடலாம். சில நாள் அதுவும் இல்லை, விடியும்வரை வெறும் வயிறு. சட்டை தொளதொளத்துப் போயிற்று.

"இந்த நோயில சாப்பாட்டு நேரமெல்லாம் மாறும்மா, கண்டுக்காதீங்க" என்று நான் பத்மாவுக்குச் சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. "சாப்பிடாத நாளை மட்டும் காலண்டர்ல குறிச்சு வைங்க" என்றும் சொன்னேன். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் சொன்னேனே.

ஒரு வியாழக்கிழமை விமலா கூப்பிட்டாள். குரலில் தூக்கம் இல்லாத களைப்பு.

"மேடம், நேத்தும் அப்பா சாப்புடல. சனிக்கிழமை ஆஸ்பிட்டல்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். முழுங்கறது கஷ்டம்னு உங்க லெட்டர் இருந்தா அன்னிக்கே மூக்குல டியூப் போட்டுடுவாங்களாம். இப்படியே விட்டா அவரு இருக்க மாட்டாரு மேடம்."

விழுங்குவதைச் சோதிப்பதும் நம் வேலைதான், உங்களுக்குத் தெரியும். இந்த நோய் முற்றும்போது விழுங்குவது கெடுவதும் உண்டு. கணக்கு சரியாகப் பொருந்தியது. "இன்னிக்கே அனுப்பறேன்மா" என்றேன். கணினியைத் திறந்து முதல் வரியும் தட்டிவிட்டேன்: திரு. ஜெயபால் அவர்களுக்கு உணவை விழுங்குவதில் சிரமம் உள்ளது.

அந்த வரியைப் படித்துப் பார்த்தேன். இந்த மனிதர் விழுங்கி நான் எப்போது பார்த்தேன்? மூன்று மாதமாக அவர் நெற்றியைப் பார்த்திருக்கிறேன், காதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத தொண்டைக்குச் சான்றிதழ் எழுதுகிறேன். மருத்துவமனையில் என் கீழே வேலை பார்த்த ஒரு பெண் இப்படிச் செய்திருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

பத்மாவைக் கூப்பிட்டு, காலண்டரைத் திரைக்கு முன்னால் காட்டச் சொன்னேன். கல்யாண மண்டபம் ஒன்று இலவசமாகக் கொடுத்த பெரிய மாதக் காலண்டர். பென்சிலால் பெருக்கல் குறிகள். அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மூன்று நேர்க்கோடாக, மேலிருந்து கீழாக இறங்கியிருந்தன. திங்கள், புதன், வெள்ளி.

"செவ்வாய், வியாழன்லாம்?"

"அன்னிக்கெல்லாம் சாயங்காலமே அவரா போட்டுத் தின்னுருவாரும்மா. உங்க கிளாஸ் இருக்கற அன்னிக்குத்தான் இந்தக் கூத்து" என்றார் பத்மா. சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா." நான் டாக்டர் இல்லை என்று அவருக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். விழுங்க முடியாத தொண்டைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படி விழுங்க வரும்? ஆனால் ஏன் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் வகுப்பு அவரைக் களைப்பாக்கிவிடுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பே போதுமான அளவு சுட்டது.

விமலாவிடம் சொன்னேன், கடிதம் இன்றைக்கு இல்லை, நாளை சாயங்காலம் வரை பொறு என்று. அவள் வெடித்துவிட்டாள்.

"எதுக்கு மேடம்? இன்னும் ஒரு நாள் பட்டினி கெடக்கணுமா? லெட்டர் இல்லாம போனா அவங்க திரும்ப டெஸ்ட்டு, திரும்ப அப்பாயின்ட்மென்ட்டுன்னு இழுப்பாங்க. உங்களுக்கு இன்னா மேடம், அவரு எங்கப்பா."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உண்மையிலேயே தொண்டை கெட்டிருந்து நான் தாமதித்தால், சோறு மூச்சுக்குழாயில் போய் ஆளே போய்விடலாம். தொண்டை நன்றாக இருந்து நான் கடிதம் கொடுத்தால், வாயால் சாப்பிடக்கூடியவரின் மூக்கில் குழாய் இறங்கும். அதைப் பிடுங்காமலிருக்க அவர் கையைக் கட்டுவார்கள். "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல அவரிடம் சொல் கிடையாது. அப்படிக் கட்டப்பட்ட கைகளை நான் வார்டுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு சாயங்காலம் கேட்டேன், ஒன்றே ஒன்று. அவள் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பை ரத்து செய்தேன். நாலே முக்காலுக்கே பத்மாவைக் கூப்பிட்டு, போனைச் சமையலறை அலமாரியில் மாவு டப்பாவின்மேல் சாய்த்து, முழு அறையும் தெரியும்படி வைக்கச் சொன்னேன். விமலாவும் கம்பெனி வாசலிலிருந்து சேர்ந்துகொண்டாள்.

"நான் இன்னாம்மா பண்ணணும்?" என்றார் பத்மா.

"ஒண்ணும் பண்ணாதீங்க. சோறு ஆக்கி மூடி வச்சிட்டு ஒதுங்கி நில்லுங்க. அவரைத் தடுக்கவும் வேணாம், கூப்பிடவும் வேணாம்."

ஐந்து மணி தாண்டி நயினார் வந்தார். முதல் தடவையாக அவரை முழுசாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட உயரம். நேராக அடுப்பு பக்கம் போகவில்லை. பின்வாசல் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கை கால் கழுவினார். மூடியைத் திறந்து தட்டில் சோறு போட்டார், வாழைக்காய்க் கூட்டை மேலே ஊற்றினார், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்குள் போய்விடுகிற மாதிரி குனிந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஒழுங்காக ஏறி இறங்கியது. இருமல் இல்லை, செருமல் இல்லை. ரசத்தைத் தட்டைத் தூக்கிக் குடித்தார். ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்தார். அவசர அவசரமாகச் சாப்பிட்டார், ஆனால் சுத்தமாகச் சாப்பிட்டார். பிறகு தட்டைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, தட்டைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார். எனக்கு வேறு என்ன சோதனை வேண்டும்?

"முழுங்கறாரு" என்றாள் விமலா. அவ்வளவுதான் சொன்னாள்.

காரணத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. வழக்கமாக வகுப்பு முடிகிற ஆறேகால் ஆகட்டும் என்று காத்திருந்து, அவருக்குப் பிடித்தது எதையாவது கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பத்மா பூவன் பழம் ஒன்றை உரித்து நீட்டினார். வாய் மூடிக்கொண்டது. "ஒரு வாய், எனக்கோசரம்" என்றார் பத்மா. நயினார் எழுந்து, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, பின்வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலியான சமையலறையும் கரண்டி மாட்டியும்தான். விமலா அங்கே "மா, மா" என்று கத்துகிறாள், நான் இங்கே கத்துகிறேன், இரண்டு பேருக்கும் கரண்டிதான் பதில்.

பத்மா திரும்பி வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு புரிந்தது.

"வானத்தைக் காட்டறாரும்மா. இருட்டிப் போச்சு பாருன்னு காட்டறாரு. காட்டிட்டுக் கோயில் இருக்கற பக்கமா கையெடுத்துக் கும்புடறாரு. அய்யய்யோ, இவரு விரதத்துல இருக்குறாரு டாக்டரம்மா!"

ஜைனர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது பழைய வழக்கம். அது எனக்கும் தெரியும், இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் நயினார் வீட்டில் அந்த வழக்கத்தை ஒழித்தவரே நயினார்தான். சந்தை முடிந்து ஒன்பது மணிக்கு வந்து ஆறு தோசை கேட்பாராம். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தானாம். அதனால் பத்மாவுக்கும் தோன்றவில்லை, விமலாவுக்கும் தோன்றவில்லை. படப் புத்தகம் செய்தபோது "அவருக்கு எந்த நேரத்தில் சாப்பிடப் பிடிக்கும்" என்று நான் கேட்கவும் இல்லை. எருமைக்குப் பக்கம் ஒதுக்கியவள், அஸ்தமனத்துக்கு ஒதுக்கவில்லை.

"எப்போ எடுத்தாரு விரதம்?" என்று கேட்டேன்.

பத்மா விரல்விட்டு மாதங்களை எண்ணினார். முகம் மாறியது.

"ஆடி மாசம் கோயிலுக்கு மாதாஜி வந்திருந்தாங்க, துறவியம்மா. மழைக்காலம் நாலு மாசம் ராச்சாப்பாடு வேணாம்னு விரதம் எடுக்கறவங்க எழுந்து நில்லுங்கன்னாங்க. இவரும் எழுந்து நின்னாரும்மா. எல்லாரும் நிக்கிறத பாத்துக்கினு இவரும் நிக்கிறாரு, பாவம் ஒண்ணும் புரியலன்னு, நான்தான் வேட்டியைப் பிடிச்சி இழுத்து உக்கார வச்சேன்."

அப்போது எனக்கு இன்னொன்றும் விளங்கியது. ஆடியில் பொழுது சாய ஆறரை மணிக்கு மேல் ஆகும். வகுப்பு முடிந்தபின் அள்ளிப் போட்டுக்கொள்ள அவருக்கு நேரம் இருந்தது. மாதத்துக்கு மாதம் சூரியன் சீக்கிரம் இறங்க இறங்க, என் ஐந்தரை மணி அவர் சாப்பாட்டு நேரத்தை விழுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஐப்பசியில் வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பொழுது போய்விடும். நான் நோட்டில் நோய் முன்னேறுகிறது என்று எழுதினேனே, முன்னேறியது மழைக்காலம். அவர் ஜன்னலைப் பார்த்தது கவனச் சிதறல் இல்லை. அந்த அறையில் நேரம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

விமலா மெதுவாகச் சொன்னாள்: "அப்போ மாதாஜி சொன்னது அப்பாவுக்குப் புரிஞ்சிருக்குது."

புரிந்திருக்கிறது. அவ்வளவு நீள வாக்கியம், மழைக்காலம், நாலு மாதம், ராத்திரி, வேண்டாம், எழுந்து நில் என்ற அத்தனையும் புரிந்திருக்கிறது. வாக்கியங்கள் பெரும்பாலும் புரிவதில்லை என்று என் நோட்டில் இருக்கிறது.

நயினாரைத் திரைக்கு முன்னால் உட்காரவைக்கச் சொன்னேன். "நயினார், தப்பு என்னுது. உங்க சாப்பாட்டு நேரத்துல நான் பாடம் எடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "போதும்" என்றார். மன்னிப்பு போதும் என்றாரா, இவள் பேச்சு போதும் என்றாரா, தெரியாது. எதுவாக இருந்தாலும் எனக்குப் பொருத்தம்தான்.

சனிக்கிழமை அவர்கள் மருத்துவமனைக்கு என் கடிதத்தோடுதான் போனார்கள், வேறு கடிதம். விழுங்குவதில் குறை இல்லை, உணவு மறுப்புக்குக் காரணம் பயிற்சி நேரத்தை நான் தவறாக வைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த இடத்தில் உங்களுக்கு ஆசை வரும், "சூழ்நிலைக் காரணங்களால்" என்று பூசி மெழுக. மெழுகாதீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, அடுத்து அந்தக் காகிதத்தைப் படிக்கும் மருத்துவருக்கு உண்மை வேண்டும். எனக்கு இரண்டு நாள் வெட்கமாக இருந்தது, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

வகுப்பைக் காலை பதினொன்றுக்கு மாற்றினேன். பக்கத்து வீட்டுத் தறி டக் டக்கென்று பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும். நயினாருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. மைக்குக்கு என்ன வந்தது என்று நானும் விட்டுவிட்டேன். எந்த நோயாளியானாலும் முதல் வகுப்பில் போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கச் சொல்கிறேன், காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு என்று கேட்கிறேன். "இதெல்லாம் எதுக்கு மேடம்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொள்ளட்டும்.

நான்கு மாதம் முடிந்தது. நயினார் விரதத்தை விடவில்லை. பத்மாவும் அவரோடு சாயங்காலமே தட்டு போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். "எனக்கும் ஒரு வேளை அடுப்பு மிச்சம்மா" என்பார்.

பொங்கல் கழிந்து அவருக்குக் காய்ச்சல், சளி. டவுனில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சலைன் ஏறிக்கொண்டிருந்தது. கஞ்சி எப்படிக் கொடுப்பது, தலையை எவ்வளவு உயர்த்துவது என்று கேட்க விமலா என்னை வீடியோவில் கூப்பிட்டாள். மணி ஏழு. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் ஒரு டம்ளர் கஞ்சியோடு வந்து, ஸ்பூனை அவர் உதட்டில் வைத்தார். உதடு திறக்கவில்லை. இன்னொரு முறை வைத்தார். நயினார் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"சாப்புட மாட்டேன்றாரே. டாக்டராண்ட சொல்லி டியூப் போட்டுடலாமா?" என்றார் நர்ஸ்.

நான் வாயைத் திறந்தேன். என் அனுபவம், நோய், வழக்கம், வரலாறு எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றது. அதற்குள் விமலா எழுந்து அப்பாவுக்கும் நர்ஸுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டாள்.

"டியூப்லாம் வேணாம் சிஸ்டர். அவருக்கு நல்லா முழுங்க வரும். பொழுது போனா எங்கப்பா சாப்புட மாட்டாரு. காலைல வெளிச்சம் வந்ததும் கொண்டாங்க, நானே தரேன்."

நர்ஸ் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இவருக்குத்தான் பேச்சே இல்லன்னு போட்டிருக்குது. அவரா உங்ககிட்ட சொன்னாரு?"

"ஆமா சிஸ்டர்" என்றாள் விமலா. "அவரேதான் சொன்னாரு."